நான்காம் கட்டிலுக்குரிய எண்

1

இந்தக் கதையை ஒரு பரிசுக்காகத்தான் எழுதத் தொடங்கினேன். முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எப்படியும் பின்னால் தெரியவரும். அப்போது வாங்கும் ஏச்சை இப்போதே வாங்கிவிட்டால் நிம்மதி.

ஒரு சங்கம் சிறுகதைப் போட்டி அறிவித்திருந்தது. சமூகங்களுக்கிடையே நல்லுறவை வளர்க்கும் கதையாக இருக்க வேண்டுமாம். அதே கிழமை எனக்குத் தெரிந்த ஒருவர், யாழ்ப்பாணம் சோனகத்தெரு முஸ்லிம் பிள்ளை ஒருத்தி ஒரு தனியார் வைத்தியசாலையில் செய்த பெரிய காரியத்தைப் பற்றிச் சொன்னார். சொன்னவர் யார் என்பதைக் கொஞ்ச நேரம் மறைத்து வைக்கிறேன். இப்போதே சொன்னால் நாலாம் பகுதியில் உங்களுக்குப் பயம் வராது. எனக்கோ நீங்கள் பயப்பட வேண்டும்.

இரண்டே நாளில் எழுதி முடித்தேன். அவர்கள் வீட்டு வட்டிலாப்பமும் எங்கள் வீட்டுப் பொங்கலும் ஒரே பக்கத்தில் வருகிற கதை. போட்டிக்கு அனுப்புவதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்போமே என்று பிரதியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பெயர் றுக்ஷானா. வைத்தியசாலைகளுக்கும் கடைகளுக்கும் கணினி வலையமைப்புச் செய்து கொடுப்பது அவள் தொழில். தனி ஆளாகச் செய்கிறாள்.

ஐந்து பக்கத்தையும் நின்றபடியே வாசித்தாள். வாசிக்க வாசிக்க முகம் வெளிறிக்கொண்டு போனது. நான் என் நடையழகில் மயங்கி நிற்கிறாள் என்று நினைத்தேன். [எழுதுகிறவனுக்கு வேறு என்ன நினைக்கத் தெரியும்?] கடைசிப் பக்கத்தை முடித்ததும் அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். அவளுடைய உம்மா அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சேர், இதிலை ஒரு பொய்யும் இல்லை. ஆனா நடந்தது இது இல்லை."

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதையைக் கிழித்தெறிந்தேன்.

[இதுதான் பொய். மேசை லாச்சிக்குள் இன்னும் கிடக்கிறது.]

2

முதல் தொடக்கம்:

'றுக்ஷானாவின் குடும்பம் 1990இல் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட அந்த—'

இதை அவளே வெட்டச் சொன்னாள். "எங்களைப் பற்றி ஆர் எழுதினாலும் தொண்ணூறிலை இருந்துதான் தொடங்கீனம். நான் பிறந்ததே தொண்ணூற்றெட்டிலை, புத்தளத்திலை. இந்தப் பிழை நான் விட்ட பிழை சேர். அதுக்கும் தொண்ணூறுக்கும் முடிச்சுப் போடாதேங்கோ." வெட்டிவிட்டேன். ஆனாலும் நாலாம் பகுதியில் அது தானாக வந்து நிற்கிறது. தடுக்க முடியவில்லை.

இரண்டாம் தொடக்கம்:

'ஒரு கட்டடத்தில் உள்ள கணினிகள் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். ஓர் எண் ஒன்றுக்குத்தான். வந்து போகிற கணினிகளுக்கும் தொலைபேசிகளுக்கும் எந்த எண் கிடைத்தாலும் ஒன்றுதான். கேட்கக் கேட்க எடுத்துக் கொடுக்கிற ஓர் ஏற்பாடு உண்டு. அதைத் தொழில்காரர்கள் டி.எச்.சி.பி. என்பார்கள். ஆனால் சில கருவிகளுக்கு எண் மாறவே கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இதயத் துடிப்பைக் காட்டுகிற கருவி அப்படிப்பட்டது. தாதியரின் மேசையிலுள்ள பெரிய திரை ஒவ்வொரு கட்டிலையும் எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. முதலாம் கட்டிலுக்கு இருபத்தொன்று. நான்காம் கட்டிலுக்கு இருபத்துநான்கு.'

பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது, தெரியும். வெட்டிப் பார்த்தேன்; வெட்டினால் கதை விளங்கவில்லை. எனவே இன்னும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். கலியாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று கதிரைகளை ஒதுக்கி வைப்பதுபோல, எண் கொடுக்கிற பெட்டிக்கு 'இந்த எண்களை யாருக்கும் கொடுக்காதே' என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சொல்வதற்கு ஒரே ஒரு வரி போதும். இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு வரியைப் பற்றியது.

மூன்றாம் தொடக்கம் கீழே வருகிறது. அதையே வைத்துக்கொண்டேன்.

3

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு டொக்டர் அருட்பிரகாசம் கையில் சின்னச் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். வைத்தியசாலை அவருடையது. மாடிப்படிக்குக் கீழே கூட்டுகிற தும்புத்தடிகளும் பழைய கோப்புகளும் கிடந்த ஒடுங்கிய அறையில், இரும்பு அலுமாரிக்கு முன்னால் றுக்ஷானா சப்பாணி கட்டி இருந்தாள். மடியில் மடிகணினி. அலுமாரிக்குள் புத்தம் புதிய சுவிட்ச். கட்டடத்தின் அத்தனை வயர்களும் வந்து சேருகிற தட்டையான பெட்டி அது. அதுவரை எண் கொடுத்துக்கொண்டிருந்த பழைய பெட்டி முந்தின கிழமை மின்னலில் செத்துப்போயிருந்தது. இனி அந்த வேலையையும் சுவிட்சே பார்க்க வேண்டும். அதற்கு வேலை சொல்லிக் கொடுக்கத்தான் றுக்ஷானா வந்திருந்தாள்.

"பிள்ளை, பத்தரைக்கு ராகு காலம் துடங்குது. அதுக்கு முதல் உதை ஓட விட்டிட வேணும்."

"பன்ரண்டுக்குப் பிறகு செய்வமே டொக்டர்? ஆறுதலாச் செய்யலாம்."

"பன்ரண்டுக்குப் பிறகு நோயாளர் நிறைஞ்சு போவினம். இப்ப துடக்கிப்போட்டு மிச்சத்தை ராகு காலத்திலை செய்தாலும் பறவாயில்லை. துடக்கம்தான் முக்கியம்."

[டொக்டரை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. வேறு இரண்டு இடங்களில் "ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய பிள்ளைக்கு, ஒரு கேள்வியும் கேட்காமல் வேலை கொடுத்தவர் அவர். புதுக் கருவி எது வந்தாலும் நேரம் பார்த்துச் சந்தனம் வைத்துத்தான் தொடக்குவார். எங்கள் ஊரில் புதுச் சைக்கிளுக்கே அப்படித்தான்.]

மோதிரவிரலால் சந்தனத்தைத் தொட்டவர் சுவிட்சுக்குக் கிட்டக் குனிந்து ஒரு கணம் தயங்கினார்.

"உங்களுக்குப் பறவாயில்லைதானே பிள்ளை?"

"பெட்டிக்குத்தானே டொக்டர் வைக்கிறியள்," என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தபடி பொட்டை வைத்தார்.

அவளுடைய கொப்பியில் சிவப்பு மையில் வேலை ஒழுங்கு எழுதியிருந்தது. முதலில் ஒதுக்க வேண்டிய எண்களை ஒதுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கொடுக்கத் தொடங்க வேண்டும். ஒதுக்குவதென்றால் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் பழைய ஆள் ஒட்டிவிட்டுப் போன கடதாசியை வாசிக்க வேண்டும். மழை ஈரத்தில் மை பரந்து, ஏழுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் கிடந்தது. ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப் பத்து நிமிடமாவது எடுக்கும். மணி பத்து இருபத்துநான்கு. டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

ஒழுங்கை மாற்றினாள். முதலில் ஓட விடுவோம், பிறகு ஒதுக்குவோம். இடையில் நாலைந்து நிமிடம்தானே.

அவள் ஒன்றும் தெரியாமல் செய்யவில்லை. இந்தச் சுவிட்ச் மண்டு அல்ல. ஓர் எண்ணைக் கொடுப்பதற்கு முன் அந்த எண்ணில் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் அந்த எண்ணைத் தொடாது. கட்டில்களுக்குப் பக்கத்தில் நிற்கும் கருவிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன, கூப்பிட்டால் பதில் சொல்லும். இவ்வளவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் துணிந்தாள்.

பத்து இருபத்தாறுக்கு ஓட விட்டாள். பச்சை விளக்குகள் வரிசையாக மினுங்கின. வரவேற்பு மேசையில் கணினி வேலை செய்தது. மருந்தகத்தில் வேலை செய்தது. டொக்டர் "முருகா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பத்து முப்பத்தொன்றுக்கு ஒதுக்க வேண்டிய எண்களை ஒதுக்கினாள். எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. வேலை முடிந்தால் திரையைப் படம் பிடித்து வைப்பது அவள் பழக்கம். பிடித்தாள். சாமான்களைக் கட்டினாள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. நான்காம் கட்டில் அன்று காலை வெறுமையாகக் கிடந்தது. ஆள் இல்லாத கட்டிலின் கருவியைத் தாதி ஜெசிதா நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவிட்ச் இருபத்துநான்கு என்று கூப்பிட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. எனவே இருபத்துநான்கை எடுத்து மருந்தகக் கணினிக்குக் கொடுத்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து அவள் அதை ஒதுக்கினாள் என்றாலும், கொடுத்ததைச் சுவிட்ச் திருப்பி வாங்காது.

வாசலில் ஒரு வான் வந்து நின்றது. வயதான மனிதர் ஒருவரைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள். தோட்டத்திலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். கால்களில் செம்மண் காயாமல் இருந்தது. மனைவி அவருடைய செருப்புகளைக் கையில் பிடித்தபடி பின்னால் ஓடினார். றுக்ஷானா ஒதுங்கி வழிவிட்டு, பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள்.

4

கொடிகாமத்தில் ஒரு மரக்கறி வியாபாரியின் கடைக்குக் கமரா பூட்ட வேண்டும். பஸ்ஸில் யன்னல் கரையில் இடம் கிடைத்தது. நாவற்குழிப் பாலம் தாண்டும்போது, கொப்பியில் எழுதி வைக்கலாம் என்று கைத்தொலைபேசியில் அந்தப் படத்தை எடுத்தாள். யார் யாருக்கு எந்த எண் போனது என்ற பட்டியல். விரலால் தள்ளிக்கொண்டே வந்தவளின் விரல் ஓரிடத்தில் நின்றது.

இருபத்துநான்கு. மருந்தகக் கணினி.

 ஓர் எண்ணில் இரண்டு கருவிகள் நின்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பெரிய திரைக்கு நான்காம் கட்டில் தெரியாது. கட்டில் வெறுமைதானே, ஆள் இருந்திருந்தால் கருவி ஓடியிருக்குமே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அந்தத் தேறுதல் இரண்டு மூச்சுக்குத்தான் தாங்கியது. செம்மண் ஒட்டிய கால்கள் நினைவுக்கு வந்தன. மற்ற மூன்று கட்டில்களின் எண்கள் யாருக்கும் போகவில்லை என்றால், தீவிர சிகிச்சைப் பிரிவில் காலியாக இருந்தது அந்த ஒரே கட்டில்தான்.

வரவேற்பு மேசைக்கு எடுத்தாள். வேறு அழைப்பில் இருந்தது. மறுபடியும் எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. டொக்டரின் தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகு நினைவுக்கு வந்ததுதான் அவளை இருக்கையிலிருந்து எழுப்பியது. காலையில் வேலை தொடங்கும்போது அவளே தாதி ஜெசிதாவிடம் சொல்லியிருந்தாள்: "மிஸி, இண்டைக்கு வேலை நடக்குது. ஸ்கிரீன் நிண்டு நிண்டு வரும். பயப்பிடாதேங்கோ."

ஜெசிதா பயப்பட மாட்டாள். நான்காம் கட்டம் இருண்டிருப்பதைப் பார்ப்பாள், பிள்ளை சொன்னதுதானே, வரும் என்று பேசாமல் இருப்பாள்.

"இறக்கி விடுங்கோ," என்றாள்.

"கொடிகாமம் எண்டுதானே எடுத்தனியள்?" என்று கண்டக்டர் கேட்டார்.

"இஞ்சை இறக்குங்கோ அண்ணை. இப்ப இறக்குங்கோ."

பாலத்துக்கு அப்பால் வெட்டை வெயில். ஓட்டோ ஒன்று வர நாலு நிமிடம் எடுத்தது. அந்த நாலு நிமிடத்தில் இன்னொரு பயமும் வந்தது. அதைச் சொல்லும்போது றுக்ஷானா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுடைய வாப்பா சுஹைர் ஊருக்குத் திரும்பி வந்து இரும்புச் சாமான் கடை போட்டுப் பதின்மூன்று வருடம். அந்தப் பதின்மூன்று வருடமும் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு சொல் பிசகாமல் நடந்தவர். அந்தக் கட்டிலில் கிடக்கிற ஆளுக்கு ஏதும் நடந்தால், ஒரு தொழில்காரி பிழை விட்டாள் என்று ஊர் சொல்லாது. சோனகப் பிள்ளை என்றுதான் சொல்லும். வாப்பாவின் கடை வாசலில் வைத்துச் சொல்லும்.

"ஒரு மனுசன் அங்கை சாகக் கிடக்கிறார், நான் கடையைப் பற்றி யோசிச்சனான் சேர். அதையும் எழுதுங்கோ. அதை விட்டிட்டு என்னை நல்லவளாக்காதேங்கோ."

எழுதிவிட்டேன்.

5 (கைவிடப்பட்டது)

'ஓட்டோ வைத்தியசாலை வாசலில் நின்றபோது உள்ளே இருந்து ஓர் ஒப்பாரி—'

'நான்காம் கட்டிலின் மேல் வெள்ளைத் துணி—'

இப்படித்தான் முதலில் எழுதினேன். பயக் கதைக்கு அதுதான் நேரான வழி. ஒரு பக்கம் எழுதி முடித்த துணிச்சலில் அவளுக்குத் தொலைபேசி எடுத்து வாசித்தும் காட்டினேன். 

"சேர், அந்த ஓட்டோவுக்குள்ளை வந்த நேரம் முழுக்க நான் இதைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான். திரும்பவும் என்னை அதுக்குள்ளை ஏத்தாதேங்கோ."

இரண்டு வரியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அழித்தேன்.

[தொழில் தெரிந்த வாசகர் ஒருவர் இப்போது கேட்பார்: ஓட்டோவில் இருந்தபடியே மடிகணினியால் திருத்தியிருக்கலாமே? தூரத்திலிருந்து உள்ளே போகும் வழியை மறுநாள்தான் திறப்பதாக இருந்தது. நானும் இதையே கேட்டு ஏச்சு வாங்கினேன்.]

6

செருப்பைக் கழற்ற வேண்டிய இடத்தில் கழற்றாமல் ஓடினாள். மாடியில் தாதியர் மேசைக்குப் பின்னால் ஜெசிதா ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பெரிய திரையில் மூன்று கட்டங்களில் பச்சைக் கோடுகள் ஓடின. நாலாவது கட்டம் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"மிஸி, நாலு."

"ஓம் பிள்ளை, நீங்கள் சொன்னியள்தானே. இன்னும் வரேல்லை."

றுக்ஷானா கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். குளிர்சாதனத்துக்காக எப்போதும் இறுக்கிச் சாத்தி வைக்கிற தடித்த கதவு. அதைத் திறந்ததும்தான் அந்தச் சத்தம் கேட்டது.

நான்காம் கட்டிலின் கருவி சிவப்பு விளக்கோடு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்து முக்காலியில் அந்த அம்மா, கையிலிருந்த கோப்பால் புருசனுக்கு விசிறியபடி இருந்தார். றுக்ஷானாவைக் கண்டதும் அவர் முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது.

"பிள்ளை, உதின்ரை சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு விடுவியளோ? மனுசன் கண்ணயர ஏலாமல் கிடக்கிறார்."

"எவ்வளவு நேரமா அம்மா கத்துது?"

"ஒரு பத்து நிமிசமிருக்கும். உது உப்பிடித்தான் கத்துமாக்குமெண்டு இருந்தனான்."

கட்டிலில் கிடந்தவரின் முகம் வியர்வையில் நனைந்து, உதடு சாம்பல் பூத்திருந்தது. கண் திறந்திருந்தது. இதயம் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்ததைக் கருவியின் கோடு காட்டியது. அதை வாசிக்க அவளுக்குத் தெரியாது, ஆனால் அது ஒழுங்கில் இல்லை என்பது யாருக்கும் தெரியும். றுக்ஷானா கத்தியது வரவேற்பு மேசை வரைக்கும் கேட்டதாம். ஜெசிதா ஓடி வந்தாள். டொக்டர் ஓடி வந்தார். ஊசிகள் ஏறின. கிடந்தவர் எட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். யாரென்று தெரிந்து பிடிக்கவில்லை. கைக்கு எட்டியது அவள்தான். அவள் விடுவிக்கவும் இல்லை, கண்ணீரைத் துடைக்கவும் இல்லை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு கோடு மெல்ல மெல்ல ஒழுங்குக்கு வந்தது. 

பிறகு மாடிப்படிக்குக் கீழே போனாள். மருந்தகக் கணினியிடமிருந்து இருபத்துநான்கைத் திருப்பி வாங்க இரண்டு வரி எழுத வேண்டியிருந்தது. எழுதினாள். மேலே நாலாவது கட்டத்தில் பச்சைக் கோடு வந்தது. நடந்த பிழைக்கு இனி ஓர் அடையாளமும் இல்லை, அவளுடைய தொலைபேசியில் உள்ள படத்தைத் தவிர.

டொக்டர் முகத்தைத் துடைத்தபடி அந்த அறைக்கு வந்தார்.

"நல்ல நேரம் திரும்பி வந்தனீர் பிள்ளை. என்னெண்டு உமக்குத் தெரிஞ்சது?"

இவ்வளவு நேரே ஒருவர் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள். சொல்லத்தான் திறந்தாள்.

"சும்மா... ஒருக்கா செக் பண்ணிப் பாப்பமெண்டு வந்தனான் டொக்டர்."

"பாத்தீரோ," என்றார் டொக்டர், சந்தனப் பொட்டைக் காட்டி. "நேரத்துக்குத் துடக்கினபடியாத்தான்."

7

இனி மறைக்கத் தேவையில்லை. எனக்கு முதலில் இதைச் சொன்னவர் அந்த நான்காம் கட்டில்காரர்தான். பெயர் நடராசா. பண்டத்தரிப்பில் என்னுடைய வளவுக்கு அடுத்த வளவு. நான் நடராசா அண்ணை என்று கூப்பிடுகிறவர். அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் உங்களுக்குப் பயம் விட்டிருக்கும். எனக்கு அங்கேதான் தொடங்கியது.

அவருடைய இதயத்தில் ஒரு பகுதி பலவீனமாகிவிட்டது. மண்வெட்டி தூக்கக் கூடாது, வாளி தூக்கக் கூடாது. தோட்டத்தை இப்போது மகன் வாகீசன் பார்க்கிறான்; அவர் வரம்பில் கதிரை போட்டு இருந்து பார்க்கிறார். அந்தப் பத்து நிமிடம்தான் இதற்குக் காரணமா? பெயர்கள் சொல்லாமல் எனக்குத் தெரிந்த ஒரு வைத்தியரிடம் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வரேக்கையே பழுதாத்தானே வந்திருப்பார்," என்றார். இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் நித்திரை கொள்ளவும் முடியாது, விழித்திருக்கவும் முடியாது.

நடராசா அண்ணைக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. முன்பின் அறியாத ஒரு பிள்ளை ஓடி வந்து, ஊரைக் கூட்டிக் கத்தி, தன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவ்வளவுதான் தெரியும். சந்தையிலும் சொல்வார், கோயிலிலும் சொல்வார். கிண்டுகிற ஒவ்வொரு போகத்திலும் திறமான சின்ன வெங்காயமாகப் பிடி கட்டி, பஸ்ஸில் ஏற்றிச் சோனகத்தெருவுக்கு அனுப்புவார். கிழமைக்கு ஒரு தரம் தொலைபேசியில் "மகள், சுகமாயிருக்கிறியோ" என்று கேட்பார்.

"உம்மா அந்த வெங்காயத்திலைதான் ஆணமும் கறியும் காய்ச்சிறவ. நான் சோத்தை மட்டும் தின்னிறன்," என்றாள் றுக்ஷானா. "அவர் மகளெண்டு கூப்பிடுற ஒவ்வொரு தரமும் எனக்கு அந்த மெசின்ரை சத்தம் கேக்குது சேர்."

"அப்ப அவரிட்டைச் சொல்லலாமே பிள்ளை?"

"எத்தினை தரம் வெளிக்கிட்டனான். நம்பரை அமத்திப்போட்டு வெட்டிவிட்டிடுவன். நீங்கள் எழுதுங்கோ. ஆனா அச்சிலை வர முதல் அவருக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. என்னாலை ஏலாது."

ஆக, அவளுடைய பயத்தை என் தலையில் இறக்கிவிட்டாள். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

8

முடிவுகளாக நான் யோசித்து வைத்தவை:

அவருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, அச்சு எழுத்து வாசிக்க முடியாது. பெயர்களை மாற்றிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். இது ஒன்று.

லாச்சியிலிருக்கும் கதையை வெளியில் எடுத்து, இதை உள்ளே போட்டுப் பூட்டலாம். இது இன்னொன்று. நாலு நாள் இந்த முடிவோடுதான் இருந்தேன். கிழவர் சந்தோசமாக இருக்கிறார். பிள்ளையின் தொழில் நன்றாக ஓடுகிறது. ஒரு நோயாளி இதயத்துக்கு இந்தச் செய்தி எதற்கு?

மூன்றாவதாக ஒன்று வைத்திருந்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெருந்தன்மையாகச் சிரித்து, அதனாலென்ன மகள் என்று—

இல்லை. அது போட்டிக் கதை.

9

இன்று காலை பிரதியோடு நடராசா அண்ணையின் வெங்காயக் கொட்டிலுக்குப் போனேன். கூரை வளைகளில் வெங்காயப் பிடிகள் தொங்கின. அவர் கதிரையில் இருந்தார். அவருடைய மனைவி பூரணம் அக்கா சாக்கு விரித்து, வெங்காயத்தின் வேரை அரிந்துகொண்டிருந்தார்.

"என்னைப் பற்றி எழுதிறாயாம். வாசி, கேப்பம்," என்றார் அண்ணை.

நான் ஒரு கோழை வேலை செய்தேன். முதலிலிருந்து வாசிக்கவில்லை. ஆறாம் பகுதியை எடுத்தேன். அவள் ஓடி வருகிற இடம். அவருக்குப் பிடித்த இடம். முதலில் அவரைச் சந்தோசப்படுத்தி, பிறகு மெல்ல மெல்லப் பின்னால் போகலாம் என்பது என் திட்டம்.

செருப்போடு ஓடினாள் என்றதும் அண்ணை தலையை ஆட்டிச் சிரித்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். சத்தம் கேட்டது. 'உதின்ரை சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு விடுவியளோ' என்று வாசித்தேன்.

அரிகிற சத்தம் நின்றது. பூரணம் அக்கா கத்தியைச் சாக்கில் வைத்துவிட்டார்.

"உதையும் எழுதிப்போட்டியோ தம்பி," என்றார். கோபமாகக் கேட்கவில்லை. "எழுது. உள்ளதுதானே. பத்து நிமிசம் அது கத்தக் கத்த நான் விசிறிக்கொண்டிருந்தனான். ஒருக்கா எழும்பிப் போய் மிஸியைக் கூப்பிட்டிருந்தா இந்த மனுசன் இண்டைக்கு மண்வெட்டி பிடிப்பார். என்ரை விசர்த்தனத்தாலை இவர் கதிரையிலை இருக்கிறார்."

"விடு பூரணம், உனக்கென்ன தெரியும்," என்றார் அண்ணை. பலமுறை சொல்லிச் சலித்த குரல்.

"எனக்குத் தெரியாதுதான். அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சுது. எங்கையோ கிடந்த பிள்ளைக்குத் தெரிஞ்சுது, பக்கத்திலை இருந்த எனக்குத் தெரியேல்லை."

அது நடந்த இந்த ஒன்றரை வருடமும் அடுத்த வளவில்தான் இருக்கிறேன். இந்த மனுசி இதைச் சுமந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. றுக்ஷானாவுக்கும் தெரியாது.  பிரதியின் முதல் பக்கங்கள் மடியில் இருந்தன. இரண்டாம் பகுதியை எடுத்து வாசிக்க வாயைத் திறந்தேன். 'எண்' என்ற சொல்லே வரவில்லை.

எழும்பி வெளியே போய், வேலியோரம் நின்று றுக்ஷானாவுக்கு எடுத்தேன். பூரணம் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன், ஒரு சொல்லும் கூட்டாமல்.

 அவளுக்குப் பின்னால் எங்கோ அடுப்படிச் சத்தம் கேட்டது.

"அந்த அம்மா இவ்வளவு நாளும் அப்பிடியோ நினைச்சுக்கொண்டிருந்தவ?"

"ஓம் பிள்ளை."

"ஃபோனை அவட்டைக் குடுங்கோ சேர்."

"நான் முதல் பக்கத்தை வாசிக்கிறன், நீர் பேந்து..."

"வேண்டாம். குடுங்கோ."

 கொண்டுபோய்க் கொடுத்தேன். பூரணம் அக்கா வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தொலைபேசியைக் காதில் வைத்தார். "சொல்லு பிள்ளை," என்றார்.  நான் வேலியடிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து எனக்கு ஒன்றும் கேட்காது. கேட்கக் கூடாது என்றுதான் போனேன். நடராசா அண்ணை பெண்சாதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதுவரை எழுதினேன். இதற்குப் பிறகு எழுதுவதற்கு எனக்கு உரிமையும் இல்லை, துணிவும் இல்லை. றுக்ஷானா அந்தப் பக்கத்தில் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் பக்கங்களை வாசித்தவர் நீங்கள். அதை முழுவதும் கேட்டு முடித்தபின் பூரணம் அக்கா என்ன சொல்வார் என்பதை நீங்களே எழுதுங்கள். எழுதும்போது, மறுமுனையில் அந்தப் பிள்ளை இன்னும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.